வம்சாவழியா, பதிவா

மருதமுனை
12.02.1979

அன்புள்ள வாப்பாவுக்கு, மகள் சபூறாவின் ஸலாம்.

நானும் உம்மாவும் உயிரோடு இருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். போன நவம்பரில் அடித்த சூறாவளிக்குப் பிறகு இந்தப் பக்கத்தில் எவரும் இதை வழக்கத்துக்காக எழுதுவதில்லை. வீட்டுக் கூரை போய்விட்டது. சவளக்கடை வயலும் போய்விட்டது. கடதாசிகள் வைத்திருந்த பெட்டி மூன்று நாள் மழைத் தண்ணீருக்குள் கிடந்தது. உங்களுக்கும் அங்கே எல்லோருக்கும் சுகம்தானே?

நான் கடைசியாக உங்களுக்கு எழுதியபோது எட்டாம் வகுப்பு. இப்போது உயர்தரமும் பாஸ் பண்ணிவிட்டேன். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலைக்கு நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டார்கள். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: "பிரஜாவுரிமை வம்சாவழியாலா, பதிவாலா?" வம்சாவழி என்று கோடு போட்டிருந்தேன். மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் கேட்டார்:

"வாப்பா பிறந்த இடம்?"

"காயல்பட்டணம், சேர்."

"அது எங்க இரிக்கி?"

"இந்தியாவில."

அவர் பேனையை வைத்துவிட்டார். "அப்ப தங்கச்சி, நீங்க இதில பிழையா எழுதியிரிக்கிறீங்க. உங்கட வாப்பா எந்த நாடோ, நீங்களும் அந்த நாடுதான்."

"நான் கல்முனை ஆஸ்பத்திரியில பிறந்தனான் சேர். எண்ட உம்மா, உம்மாட உம்மா, எல்லாரும் மருதமுனை."

"சட்டம் உம்மாவைக் கேக்கல்ல, தங்கச்சி."

உதவி அரசாங்க அதிபர் கந்தோரில் விசாரித்தேன். நேர்முகத்தில் அவர் சொன்னது உண்மைதான். இந்த மண்ணில் பிறந்ததால் மட்டும் ஒருவர் இந்த நாட்டவர் ஆவதில்லை. பிறக்கும்போது வாப்பா பிரஜையாக இருந்திருக்க வேண்டும். ஆனால் இன்னொரு வழி உண்டு. உம்மா வம்சாவழிப் பிரஜை என்றால், இருபத்தொரு வயது நிரம்பிய பிள்ளை, கலியாணம் முடிக்காதவளாக இருந்தால் தொடர்ந்து பத்து வருடம் இங்கே வசித்ததைக் காட்டிப் பதிவுக்குக் கேட்கலாம். எனக்கு வருகிற மார்ச்சில் இருபத்தொன்று.

அந்தப் பதிவு கிடைக்குமுன் நான் இந்தியப் பிரஜாவுரிமையைக் கைவிட வேண்டும். அதைக் கைவிட, அது எனக்கு இருந்தது என்று முதலில் காட்ட வேண்டும். ஆகவே உங்களிடம் மூன்று கடதாசி கேட்கிறேன்: உங்கள் பிறப்புப் பதிவு, உங்கள் கலியாணப் பதிவுக் காவின் பிரதி, உங்கள் பழைய பாஸ்போட். நாலு வயதில் நீங்கள் என்னைத் தலைமன்னாரில் கப்பலேற்றிக் கூட்டிப் போனபோது அதில் என் பெயரும் எழுதியிருந்ததாக உம்மா சொன்னா.

கலாசாலையில் எனக்கு வருகிற ஜனவரி வரைக்கும் இடம் வைத்திருப்பார்கள்.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
சபூறா


காயல்பட்டணம்
20.03.1979

என் கண்மணி மகள் சபூறாவுக்கு வாப்பா பக்கீர் முகைதீன் எழுதுவது. வ அலைக்குமுஸ்ஸலாம்.

உன் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். புயல் செய்தியை ரேடியோவில் கேட்ட நாள் முதல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீ இவ்வளவு தெளிவாக எழுதுவதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கிறது. எனக்கு இப்போது சர்க்கரை வியாதி. மற்றபடி நலம்.

பிறப்புப் பதிவுக்கு மனு கொடுத்திருக்கிறேன். பாஸ்போர்ட் எங்கே கிடக்கிறதென்று தேட வேண்டும். பதினாலு வருடம் ஆகிவிட்டதல்லவா?

மகளே, ஒன்று கேட்கிறேன். அந்த அதிகாரி உன்னை இந்தியாக்காரி என்று சொன்னதில் ஏன் வருத்தப்படுகிறாய்? ஒரு கதவை அவர்கள் சாத்தினால் இன்னொரு கதவு உனக்குத் திறந்துதானே இருக்கிறது? இங்கே நீ யாரிடமும் விண்ணப்பம் போட வேண்டாம். நீ இந்த ஊர்ப் பிள்ளை. உனக்குப் பாஸ்போர்ட் எடுக்க ஏற்பாடு செய்கிறேன், வந்துவிடு.

உம்மா எப்படி இருக்கிறா? முழங்கால் வலி இன்னும் உண்டா? என் ஸலாத்தைச் சொல்.

துஆவுடன்,
வாப்பா


மருதமுனை
09.04.1979

அன்புள்ள வாப்பாவுக்கு, ஸலாம். நீங்கள் சுகமில்லை என்று அறிந்து கவலைப்பட்டேன். மருந்தை விடாமல் எடுங்கள். உம்மா சுகம்.

நான் வரப்போவதில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், பிறகு எழுதக் கஷ்டமாக இருக்கும். நாலு வயதில் பார்த்த ஒரு கடற்கரையைத் தவிர எனக்கு அந்த ஊரில் ஒன்றும் தெரியாது.

இருபத்தொரு வயதானதும் விண்ணப்பம் போட்டேன். போட்ட மூன்றாம் கிழமை கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பதிவுக்கான பத்திரம் என்று உடைத்தேன். 'பிரஜை அல்லாத நீர் செல்லுபடியாகும் விசா இன்றி இலங்கையில் தங்கியிருப்பதாகத் தெரியவருகிறது. காரணம் காட்டவும்' என்று இருந்தது. கதவைத் தட்டியதால்தான் நான் வெளியே நிற்பது அவர்கள் கண்ணில் பட்டது.

கபூர் மாமா தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டார். "ஆரும் கேக்காம இருபத்தொரு வருஷம் இரிந்தாய் புள்ள. என்னத்துக்குப் போய்க் கேட்டாய்? இப்ப உன்னைக் கப்பல்ல ஏத்தினா உண்ட உம்மாக்கு ஆர் பதில் சொல்ற?"

"கேக்காம இரிந்தா என்னாகும் மாமா? எனக்கு அடையாள அட்டை இல்ல. வாக்கு இல்ல. நாளைக்கு எண்ட புள்ளைக்கு என்ன கிடைக்கும்?"

 அடுத்த நாள் கொழும்பு பஸ்ஸுக்கு அவர்தான் முதலில் வந்து நின்றார். கொழும்பில் இரண்டு நாள் வரிசையில் நின்று காரணம் காட்டினோம். என் விண்ணப்பம் முடியும்வரை ஆறு மாத வதிவிட விசா தந்திருக்கிறார்கள், இந்தியப் பிரஜை என்ற பெயரில். நான் பிறந்த ஊரில் இருக்க எனக்கு ஆறு மாத அனுமதி, வாப்பா. ஒக்டோபர் பத்தாம் திகதி விசாரணை. அதற்கு முன் உங்கள் பாஸ்போட் எனக்கு வேண்டும்.

வஸ்ஸலாம்,
சபூறா


மருதமுனை
30.06.1979

அன்புள்ள வாப்பாவுக்கு ஸலாம். சுகத்தோடு இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். ஏப்ரலில் எழுதியதற்கு இன்னும் பதில் இல்லை. கடிதம் தவறிவிட்டதோ என்று இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

நான் சும்மா இருக்கவில்லை. பத்து வருடம் இங்கே வசித்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். பாடசாலை வரவு இடாப்புகள் சூறாவளியில் கூழாகிவிட்டன. பாடசாலை அதிபரும் நானும் அவற்றை வெயிலில் விரித்துத் தாள் தாளாகப் பிரித்தோம். 1971, 1974, 1975 மூன்று வருடங்களில் என் பெயர் வாசிக்கக்கூடியதாக இருந்தது. மற்ற வருடங்களுக்கு ஆட்களைத் தேடினேன். எனக்கு அம்மைப்பால் குத்திய பெரியநீலாவணை நேசம்மா நேர்ஸ் சத்தியக் கடதாசி தந்தா. பள்ளிவாசலில் ஓதித்தந்த லெவ்வையும் தந்தார். எங்கள் வயல் செய்கிற கந்தப்போடி கேட்டார்: "பொய்ச் சத்தியமெண்டாத்தானே பயம். இந்தப் புள்ள இஞ்ச வளந்ததைச் சொல்ல எனக்கென்ன பயம்?" கைநாட்டு வைத்தார்.

கொழும்பில் அரசாங்க வெளியீட்டுக் கந்தோரில் பிரஜாவுரிமைச் சட்டமும் வாங்கினேன். ஆங்கிலத்தில் இருக்கிறது. அகராதி வைத்து ஒவ்வொரு நாளும் ஒரு பக்கம் வாசிக்கிறேன். கந்தோரில் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள். புத்தகம் ஒன்றைத்தான் சொல்கிறது.

உங்கள் பாஸ்போட் மட்டும்தான் இனிக் குறை.

சபூறா


காயல்பட்டணம்
02.08.1979

அன்பு மகளுக்கு வாப்பாவின் ஸலாமும் துஆவும். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். கண்ணில் கோளாறு, எழுதுவது சிரமமாக இருந்தது. நோன்பை எல்லாம் பிடித்துக்கொண்டு வருகிறேன்.

இத்துடன் என் பிறப்புப் பதிவும் காவின் பிரதியும் வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட்டைக் கறையான் அரித்துவிட்டது. உபயோகமில்லை என்று நினைக்கிறேன்.

நீ கோபிக்காமல் இதையும் கேள். என் லாத்தாவின் மகன், உன் மாமி மகன், மதராஸில் நல்ல கடையில் இருக்கிறான். மார்க்கமுள்ள பிள்ளை. உன் படத்தைக் காட்டியபோது அவர்கள் சம்மதம் சொன்னார்கள். பெண்ணுக்குக் கலியாணம் ஆகிவிட்டால் எந்த நாடு என்ற கேள்வியே இல்லை, புருஷன் இருக்கும் இடம்தான் ஊர்.

உம்மாவிடம் இதைப் பற்றிப் பேசு. அவ என்ன சொல்கிறா என்று எழுது. ஒரு கடிதத்திலும் அவவைப் பற்றி நீ 'சுகம்' என்பதற்கு மேல் எழுதவில்லையே.

உன் வாப்பா


மருதமுனை
25.08.1979

வாப்பாவுக்கு ஸலாம். பெருநாள் நல்லபடியாக முடிந்தது. உங்களுக்கும் அப்படியே ஆகியிருக்கட்டும். இரண்டு கடதாசியும் கிடைத்தன. அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தரட்டும்.

புருஷன் இருக்கும் இடம்தான் ஊர் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் கரையில் அப்படி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள்தான் உம்மாவின் வீட்டுக்கு வந்தீர்கள்.

கபூர் மாமாவும் ஒரு மாப்பிள்ளை கொண்டுவந்தார், சாய்ந்தமருதில். பிரஜையின் மனைவி என்று போட்டால் ஒரு வருட வசிப்பே போதும், சுருக்கமாக முடிந்துவிடும் என்றார். சட்டத்தைப் பார்த்தேன், அப்படி ஒரு வழி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் உம்மாவின் பெயரால் எனக்கு ஒரு உரிமை இருக்கும்போது, இன்னொருவர் பெயரால் அதை ஏன் நான் வாங்க வேண்டும்? கலியாணம் வேறு, இது வேறு.

கறையான் மிச்சம் வைத்த துண்டையாவது அனுப்புங்கள். உங்கள் பெயரும் என் பெயரும் உள்ள ஒரு பக்கம் போதும்.

உம்மா சுகம்.

சபூறா


மருதமுனை
16.10.1979

வாப்பாவுக்கு,

ஸலாம். சுகம் கேட்டு எழுத எனக்கு இன்றைக்குக் கை வரவில்லை. நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் விரும்புகிறேன்.

பத்தாம் திகதி விசாரணைக்குப் போனேன். அதிகாரி ஒரு பெண். என் கடதாசிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, உள்ளேயிருந்து பழைய ஃபைல் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னா. மேலே உங்கள் பெயர் இருந்தது. காவினில் உள்ள கையெழுத்தும் ஃபைலில் உள்ள கையெழுத்தும் ஒரே ஆளுடையதா என்று ஒப்பிட்டுச் சொல்லும்படி என் பக்கம் திருப்பினா.

1965 மார்ச் மாத விண்ணப்பம். இலங்கைப் பிரஜையின் கணவர் என்ற முறையில் பதிவுக்குக் கேட்டிருந்தீர்கள். உம்மாவின் பெயர், என் பெயர், இந்த வீட்டு விலாசம். அங்கீகரிக்கலாம் என்று சிவப்பு மையில் குறிப்பும் எழுதியிருந்தது. இந்தியப் பிரஜாவுரிமையைக் கைவிடும் பத்திரம் வந்து சேர வேண்டியது மட்டும்தான் பாக்கி. அடுத்த தாளில் உங்கள் கடிதம், ஓகஸ்ட் மாதம். இரண்டே வரி. 'என் விண்ணப்பத்தை நானே மீட்டுக்கொள்கிறேன். இந்தியப் பிரஜாவுரிமையைக் கைவிட நான் விரும்பவில்லை.'

"வாப்பாட கையெழுத்துத்தானா?" என்று அந்த அம்மா கேட்டா. ஓம் என்றேன்.

விசா கொடுக்காமல் அரசாங்கம் உங்களை ஏற்றி அனுப்பியது என்றுதான் நான் பதினாலு வருடம் சொல்லிவந்தேன். பள்ளியில் பிள்ளைகள் "உண்ட வாப்பா உன்னை விட்டுட்டுப் போயிட்டார்" என்றபோது ஒருத்தியின் கையைக் கடித்திருக்கிறேன்.

உங்களிடம் விளக்கம் கேட்கவில்லை. அதை நீங்களே வைத்திருங்கள். எனக்குப் பாஸ்போட்டை அனுப்புங்கள். கறையான் அரிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். விசாவை இன்னும் ஆறு மாதம் நீடித்துத் தந்திருக்கிறார்கள். அதற்குள் கைவிடும் பத்திரம் வந்து சேராவிட்டால் அதற்குமேல் நீடிக்கமாட்டோம் என்று எழுத்தில் சொல்லிவிட்டார்கள்.

சபூறா


காயல்பட்டணம்
20.12.1979

மகளே, உனக்கு ஸலாம். நான் நடமாடிக்கொண்டு இருக்கிறேன், அதுபோதும்.

பாஸ்போர்ட் இத்துடன் வருகிறது. இரண்டு மாதம் அதை மேசையில் வைத்துக்கொண்டு இருந்தேன். கறையான் அரிக்கவில்லை, நீ சொன்னது சரி. பதினேழாம் பக்கத்தைப் பார். தலைமன்னாரில் நான் வெளியேறிய முத்திரை 1965 செப்டம்பர் நாலு. அதற்கு மேலேயே என் விசா. டிசம்பர் முப்பத்தொன்று வரை செல்லுபடி. யாரும் என்னை ஏற்றி அனுப்பவில்லை. இன்னும் நாலு மாதம் நான் அங்கே இருந்திருக்கலாம். கையெழுத்துப் போட்டிருந்தால் சாகும்வரை இருந்திருக்கலாம். அந்த ஒரு பக்கத்தை நீ பார்த்துவிடுவாயோ என்றுதான் உன்னை இவ்வளவு அலைய வைத்தேன். நீ வேறு வழியால் கண்டுபிடித்துவிட்டாய்.

விளக்கம் வேண்டாம் என்றாய். இருந்தாலும் எழுதுகிறேன், இல்லாவிட்டால் இனி எழுதமாட்டேன். மருதமுனைக்கு வியாபாரத்துக்கு வருமுன்பே எனக்கு இங்கே கலியாணம் ஆகியிருந்தது. ஒரு மகள், செய்யது பாத்திமா, உனக்கு இரண்டு வயது மூத்தவள். உன் உம்மாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. மார்க்கம் இரண்டு வீட்டை அனுமதிக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் சட்டம் இரண்டு நாட்டை அனுமதிக்கவில்லை. அந்தப் பத்திரத்தில் கையெழுத்திட்டால் இந்த வீட்டுக்கு வர நான் விசாக் கேட்க வேண்டும். இடாவிட்டால் அந்த வீட்டுக்கு. கொழும்பில் மூன்று நாள் அந்தத் தாளோடு சுற்றினேன். பிறகு மீட்டுக்கொண்டேன்.

அரசாங்கம் அனுப்புகிறது என்று உன் உம்மாவிடம் சொன்னேன். நான் போகிறேன் என்று சொல்லத் தைரியம் வரவில்லை, மகளே. அரசாங்கம் மறுத்துப் பேசாதல்லவா?

பாத்திமா உனக்கு ஸலாம் சொன்னாள். எல்லாவற்றையும் அவளுக்கும் இப்போதுதான் சொன்னேன்.

பக்கீர் முகைதீன்


மருதமுனை
14.03.1980

வாப்பாவுக்கு ஸலாம். எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். பாத்திமா லாத்தாவுக்கும் என் ஸலாம்.

பாஸ்போட் ஜனவரி கடைசியில் கிடைத்தது. கலாசாலை ஜனவரி தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிட்டது. என் இடத்தை அக்கரைப்பற்றுப் பிள்ளை ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். இதை உங்களைக் குத்துவதற்காக எழுதவில்லை. நடந்தது என்பதற்காக எழுதுகிறேன். அடுத்த விண்ணப்பத்துக்கு மறுபடியும் முதலிலிருந்து போட வேண்டும். போடுவேன்.

போன கிழமை இந்தியத் தூதராலயத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் உங்கள் பாஸ்போட்டைப் புரட்டினார். நாலு வயதுச் 'சபூறா, மகள்' என்ற வரியைக் காட்டி, "இது நீங்கதானா?" என்றார். கைவிடும் பத்திரத்தைத் தந்துவிட்டு, "யோசிச்சுக் கையெழுத்துப் போடுங்க. இதில போட்டா அந்த நாட்டிலயும் இல்ல, இலங்கை தரும்வரைக்கும் இங்கயும் இல்ல. இடையில ஒரு நாடும் இல்லாம நிப்பீங்க" என்று சொன்னார். நல்ல மனிதர்தான்.

கபூர் மாமா வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். அவரைக் கூப்பிடவில்லை. மூன்று நாள் எடுக்கவும் இல்லை. பேனையைத் திறந்து போட்டேன்.  நீங்கள் அந்த மூன்று நாளும் எப்படி நடந்திருப்பீர்கள் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்தேன். மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. நினைத்தேன், அவ்வளவுதான்.

இனி இலங்கை பதில் சொல்ல வேண்டும்.

சபூறா


காயல்பட்டணம்
11.06.1980

அன்பு மகள் சபூறாவுக்கு ஸலாம். வெயில் கடுமை. எனக்குக் காலில் ஒரு புண் ஆறிவருகிறது. மற்றவர்கள் நலம்.

உனக்குப் பத்திரம் வந்துவிட்டதா? ஒவ்வொரு வக்துத் தொழுகையிலும் அதற்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு ஒரு ஆசை. உன்னையும் உம்மாவையும் ஒரு முறை பார்க்க வேண்டும். மதராஸில் விசாரித்தேன். அங்கே இருக்கும் ஒரு பிரஜை கடிதம் தந்தால் விசா சுலபமாகும் என்கிறார்கள். அப்படிக் கேட்கக்கூடிய ஆள் எனக்கு அங்கே யாரும் இல்லை. உன்னிடம் கேட்க எனக்கு வாய் இல்லை. ஆகவே கேட்கவில்லை. விசாரித்ததை மட்டும் எழுதுகிறேன்.

வாப்பா


மருதமுனை
19.08.1980

அன்புள்ள வாப்பாவுக்கு, மகள் சபூறாவின் ஸலாம். புண் ஆறிவிட்டதா? வெறுங்காலோடு நடக்க வேண்டாம்.

ஜூலை இருபத்திரண்டாம் திகதி சத்தியப்பிரமாணம் செய்து பத்திரத்தை வாங்கினேன். நாலு மாதம் எந்த நாடும் இல்லாமல் இருந்தேன், ஆனால் ஒவ்வொரு நாளும் இங்கேதான் விடிந்தது. கலாசாலை விண்ணப்பமும் போட்டாயிற்று. அந்தக் கேள்விக்கு 'பதிவு' என்று எழுதினேன். அடையாள அட்டைக்குப் படம் பிடித்திருக்கிறேன். கந்தப்போடி அந்தப் பத்திரத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "அப்ப இவ்வளவு நாளும் நீ எங்களுக்குச் சொந்தமில்லாமலா புள்ள இரிந்தாய்?" என்று கேட்டார்.

நீங்கள் விசாரித்ததைப் பற்றி: இத்துடன் உத்தரவாதக் கடிதம் வைத்திருக்கிறேன், சமாதான நீதவான் ஒப்பமிட்டது. 'எனது தந்தை, இந்தியப் பிரஜை, என் செலவிலும் என் பொறுப்பிலும் என் வீட்டில் தங்குவார்' என்று எழுதியிருக்கிறேன். இது வருகை விசா. ஒரு மாதம். வேலை, வியாபாரம் எதுவும் செய்யக்கூடாது. இறங்கியதும் முத்திரையைப் பார்த்து எத்தனை நாள் என்று நீங்களே வாசித்துக்கொள்ளுங்கள், மற்றவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். முடிகிற திகதிக்கு முன் கொழும்பில் நீடிக்கக் கேட்கலாம். திகதி கடந்தால் குற்றம், பதில் சொல்ல வேண்டியவள் நான்.

கடிதத்தை மூடுமுன் உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஃபைல், பதினேழாம் பக்கம், பாத்திமா லாத்தா, எல்லாம். உம்மா நெல் புடைப்பதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும் புள்ள" என்றா. "அவர் போறத்துக்கு முதல் நாள் அந்தப் பாஸ்போட்டுப் பொத்தகத்தை அலுமாரியில வச்சிட்டுக் குளிக்கப் போனார். எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியா. இலக்கம் தெரியாதெண்டா நினைச்சார்? முப்பத்தொண்டு, பன்ரெண்டாம் மாசமெண்டு கிடந்திச்சி."

"அப்ப ஏன் உம்மா கேக்கல்ல?"

"போறவரை என்னத்தைக் கேக்கிற? நான் கேட்டு அவர் நிண்டாலும் அது நிண்டதா?"

நான் உத்தரவாதக் கடிதத்தைக் காட்டினேன்.  உம்மா சுளகைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டா: "எத்தின நாளைக்கு?"

"ஒரு மாசம் உம்மா. வேணுமெண்டா கேட்டு நீடிக்கலாம்."

"வரட்டும்" என்றா உம்மா. "ஆனா நீடிக்கிறதுக்கு நீ போய்க் கேக்காத. கொழும்பில வரிசையில நிண்டு அவரே கேக்கட்டும். இரிக்கணுமெண்டு அவர்ர வாயால ஒருக்காச் சொல்லட்டும்."

சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன்.

உங்கள் மகள்,
சபூறா பக்கீர் முகைதீன்